செத்த பிறகு முளைத்த விரல்கள்

படத்தைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளைப் பிரித்ததுமே, வத்தல் என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த ஒல்லிப் பெண்ணுக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. ஸ்டூடியோக்காரர் எதிரில் நின்றுகொண்டு, பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு படத்தின் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார்.

படத்தில் இருந்தது அவளுடைய பாட்டிதான். மூக்கோரத்து மரு போயிருந்தது. முன்பல் சந்து அடைபட்டிருந்தது. நரைத்த தலை பாதி கறுத்திருந்தது. அதையெல்லாம் வத்தல் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த ஸ்டூடியோவில் செத்தவர்களுக்கெல்லாம் அந்த உபசாரம் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் தொங்குகிற கிழவிகள் ஒரே நீல உடுப்பில், ஒரே தோளும் ஒரே கழுத்துமாகத்தான் இருப்பார்கள். தலை மட்டும்தான் அவரவருடையது. உயிரோடு இருந்தபோது ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காத இரண்டு சம்பந்திகள்கூட செத்தபின் ஒரே உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டு தொங்குகிறார்கள்.

ஆனால் பாட்டியின் வலது கையில் ஐந்து விரல்கள் இருந்தன.

“யார் சொல்லி இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“உங்க மாமாதாம்மா. குறையோட மாட்ட வேணாம்னு சொன்னாரு. அது என் வீட்டுக்காரி கை. நல்லாப் பொருந்திருச்சு, பாரு.”

பொருந்தத்தான் செய்தது. நகங்களில் சிவப்புச் சாயம்கூட இருந்தது. பாட்டி ஜென்மத்தில் பூசாத சாயம். போதாக்குறைக்கு ஒரு மோதிரம் வேறு. பழைய படத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதையே மாட்டிக்கொள்கிறோம் என்றாள் வத்தல். அதை மாமா கையோடு வாங்கிப் போய்விட்டதாகவும், கம்ப்யூட்டரில் இருந்ததையும் எதிரிலேயே அழிக்கச் சொன்னதாகவும் ஸ்டூடியோக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அம்பை நோவானேன், எய்தவன் அங்கே பேக்கரி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தபடி படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பாட்டிக்கு எட்டு விரல்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. ஊர் முழுக்க அவளுக்கு எட்டுவிரல் பாட்டி என்றே பெயர். தபால்காரர் அந்தப் பெயரைப் பார்த்தே கடிதம் கொண்டுவந்து கொடுப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழித்தல் கணக்கை அவள் கையைப் பார்த்துத்தான் படித்தார்கள். விரல் எங்கே போயிற்று என்று கேட்கும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கதை விடுவாள். ஒருவனிடம் நாய் தின்றுவிட்டது என்பாள். இன்னொருத்தியிடம், மூக்கை நோண்டினேன், உள்ளேயே தங்கிவிட்டது என்பாள். அந்தப் பிள்ளை அதன்பிறகு மூக்குப் பக்கமே கையைக் கொண்டுபோனதில்லை. பஸ்ஸில் ஏறினால், உடம்பில் கொஞ்சம் குறைகிறது, டிக்கெட்டிலும் குறை என்று கண்டக்டரிடம் வம்பு வளர்ப்பாள். ஆள்காட்ட விரல் இல்லாததால், ஒருவனைத் திட்டவேண்டுமானால் முழுக் கையையும் நீட்டித்தான் திட்டுவாள். திட்டு வாங்குகிறவனோடு பக்கத்தில் நிற்கிற இரண்டு பேருக்கும் சேர்த்து விழும். சீட்டாட்டத்தில் மட்டும் அந்தக் கையைக் காட்டிப் பரிதாபம் சம்பாதிப்பாள். சீட்டு நழுவுகிறது, கை நிற்கவில்லை என்று புலம்பிக்கொண்டே எதிராளியின் சீட்டை எட்டிப் பார்த்துவிடுவாள்.

பேக்கரிப் பெண்களிடம் மட்டும் கதை விடமாட்டாள்.

பாட்டி வேலை பார்த்த பேக்கரியில் மாவு தேய்க்கிற மிஷின் ஒன்று உண்டு. மேலும் கீழுமாக இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றை ஒன்று ஒட்டிச் சுற்றும். இந்தப் பக்கம் மாவைத் தள்ளினால் அந்தப் பக்கம் பாளமாக வரும். மாவு ஒட்டிக்கொண்டால் உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தவேண்டும். அப்படி அழுத்தியபோதுதான் பாட்டியின் விரல்கள் போயின. அவள் கவனமாக இல்லை, யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள் என்று பெரிய முதலாளி சொன்னாராம். கட்டுப் போட்ட கையோடு பாட்டி மறுநாளே வந்து பேக்கரி வாசலில் நின்றாள். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் கட்டைக் காட்டினாள். மிஷினுக்குக் கம்பி மூடி போடுகிறவரைக்கும் யாரும் மாவு தள்ளவேண்டாம் என்றாள். பெண்கள் தள்ளவில்லை. ஊர் ரொட்டி இல்லாமல் வாடியது. பெரிய முதலாளி இறங்கிவந்து, உன் மகனைப் படிக்கவைத்து ஆபீசில் வேலை போட்டுத் தருகிறேன், வீட்டுக்குப் போ என்றார். முதலில் மூடி, அப்புறம் மகன் என்றாளாம் பாட்டி. இரண்டும் கிடைத்தன. அந்த மகன்தான் இன்றைய மேனேஜர், வத்தலின் மாமா.

அன்றிலிருந்து பேக்கரிக்குள் ஒரு வழக்கம். புதிதாக வேலைக்கு வருகிற எந்தப் பெண்ணும் முதல் நாள் பாட்டிக்குக் கை கொடுக்கவேண்டும். மிஷினுக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பாட்டி அவளுடைய கையை அந்த மொட்டைக் கையால் இறுக்கிப் பிடிப்பாள். இரண்டு விரல் இல்லாத பிடி எப்படி இருக்கும் என்பது பிடிக்கப்பட்டவளுக்குத்தான் தெரியும். வேலையைவிட்டு நின்ற பிறகும், நடை தளர்ந்த பிறகும், புதிதாக ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் பாட்டி வந்து நின்றுவிடுவாள். பேக்கிங் பிரிவில் சேர்ந்த அன்று பேத்தியான வத்தலுக்கும் அதே பிடிதான். மிஷின் பக்கமே எனக்கு வேலையில்லையே என்று அவள் சொன்னதற்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது. மொட்டை விரலின் குட்டு சாதாரணக் குட்டைவிட வலிக்கும்.

பாட்டி கண்ணை மூடினாள். அழுகிறவர்கள் அழுது முடிப்பதற்குள் மிஷினின் மூடியைக் கழற்றி மைதா மூட்டைகளுக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். மூடி இருந்தால் மாவு ஒட்டுகிறதாம், வேலை ஓடவில்லையாம். பெரிய பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வருகிறதாம். கழற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் மாமா. அதற்குப் பிறகு வேலைக்கு வந்த நெட்டை என்கிறவள்தான் இப்போது மாவு தள்ளுகிறாள். இரண்டு குழந்தைக்குத் தாய். அவள் பாட்டியைப் பார்த்ததில்லை, அந்தக் கையைப் பிடித்ததும் இல்லை. ஒட்டின மாவைப் பேசிக்கொண்டே உள்ளங்கையால் அழுத்துவாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் வத்தல் தன் விரல்களை மடக்கிக்கொள்வாள்.

பாட்டியே இல்லை, படமாவது இருக்கட்டும், மிஷினுக்கு மேலே மாட்டினால் புதிதாக வருகிறவள் கையையாவது பார்ப்பாள் என்று யோசனை சொன்னதே பேக்கரிப் பெண்கள்தான். வத்தல் தேடிப் பிடித்துக் கொடுத்த படம் ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. என்னை எடுக்காதே என்று பாட்டி போட்டோக்காரனைக் கையை நீட்டி அதட்டுகிற படம். கை முன்னாலும் முகம் பின்னாலுமாக விழுந்திருந்தது. மாமா உடனே ஒத்துக்கொண்டார். திறப்பு விழாவே வைக்கலாம், சின்ன முதலாளி வருவார், கடைக்காரர்கள் வருவார்கள் என்றார். மாமாவுக்கு இத்தனை நல்ல புத்தி எங்கிருந்து வந்தது என்று அப்போதே அவள் யோசித்திருக்கவேண்டும்.

படத்தோடு நேரே மாமாவின் அறைக்குள் போனாள். பேக்கரி முழுக்க மாவு பறந்தாலும் அந்த அறைக்குள் மட்டும் ஒரு பொட்டு மாவு நுழையாது. மாமா பேசவேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“பாட்டி கைய என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

மாமா படத்தைப் பார்த்தார். திருப்தியாகத்தான் பார்த்தார். வெளியாட்கள் வருகிற இடம், மொட்டைக் கையைக் காட்டிக்கொண்டு நிற்கமுடியாது என்றார். இந்த ஆர்டர் கிடைத்தால் பேக்கரிக்கே வாழ்வு, உனக்கும் சேர்த்துத்தான் என்றார். வத்தல் விடவில்லை. அந்தக் கையைப் பார்க்கிறதுக்காகத்தான் படமே, கையை மாற்றினபிறகு படம் எதற்கு என்று கேட்டாள். மூடியையும் கழற்றிவிட்டு விரலையும் ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். நீங்கள் ஏறிவந்த ஏணி அந்த ரெண்டு விரல் என்றும் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம், ஏன் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

மாமா எழுந்து கதவைச் சாத்தினார்.

“ஸ்கூல்ல என்னை எப்படிக் கூப்பிட்டாங்கன்னு தெரியுமா உனக்கு? மொட்டைவிரல் மகன். காலேஜ் வரைக்கும் கூடவே வந்துச்சு அந்தப் பேரு. அன்னிக்குச் சாப்பாடு குடுக்கப் போனவன் நான். அந்த ரத்தத்தைப் பாத்தவன் நான். நீங்கள்லாம் கதையாக் கேட்டவங்க. என் அம்மாவை நான் முழுசாப் பாக்கணும். அதுல உனக்கு என்ன?”

அவர் கண் கலங்கியிருந்தது. வத்தலுக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்ததும்கூட. ஆனால் நெட்டை அந்த நேரத்திலும் கதவுக்கு அந்தப் பக்கம் உள்ளங்கையால் மாவை அழுத்திக்கொண்டிருந்தாள். வந்த இரக்கம் நிற்க இடமில்லாமல் போயிற்று.

“நீங்க பாக்கணும்னா உங்க வீட்ல மாட்டுங்க மாமா. மிஷின் மேல வேண்டாம்.”

விழாவில் வாயைத் திறந்தால் நாளையிலிருந்து பேக்கிங்குக்கு வரவேண்டாம் என்றார் மாமா. குரலை உயர்த்தாமல், ஏதோ லீவு கேட்டவளுக்கு இல்லையென்று சொல்வதுபோலச் சொன்னார். வத்தலின் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது மாமாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

விழா நடந்தது. மிஷின் இருந்த கூடத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். தொப்பி போட்ட பெண்கள் சுவரோரம் நின்றார்கள். சின்ன முதலாளி வெளியூரில் படித்து வளர்ந்தவர், அப்பாவின் பேக்கரிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. துணியை விலக்கிப் படத்தைத் திறந்துவைத்துவிட்டு மாமா எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்துப் படித்தார். அன்பே உருவானவர் என்றார். பொறுமையின் வடிவம், ஒரு நாளும் அதிர்ந்து பேசியதில்லை என்றபோது பெண்கள் பக்கத்திலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. பாட்டி பேசினால் இரண்டு தெரு தாண்டி நாய் எழுந்து உட்காரும். அந்தத் தாயின் கைகளால் வளர்ந்த நிறுவனம் இது, இங்கே இன்றுவரை ஒருவருக்குச் சிறு கீறல்கூட விழுந்ததில்லை என்று சின்ன முதலாளி முடித்தார். கடைக்காரர்கள் தலையாட்டினார்கள்.

சிரிப்பு நின்றுபோயிருந்தது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், அப்புறம் தரையைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அடுப்பு எரியவேண்டும். வத்தலுக்கு அவர்கள்மேலும் கோபம் வந்தது, தன்மேலும் வந்தது. இந்தப் பேக்கரி வாசலில் கட்டுப் போட்ட கையோடு ஒருத்தி சண்டை போட்டிருக்கிறாள், பத்து விரலும் சுளையாக வைத்துக்கொண்டு நான் நிற்கிறேனே என்று நினைத்தாள். படத்தின் அடியில் நெட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்தவளிடம், பாட்டி கை எவ்வளவு அழகு என்று சொன்னது வத்தலின் காதில் விழுந்தது.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

“மாமா, உங்க அம்மாவுக்கு எத்தனை விரல்?”

மாமா, பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்பதுபோலச் சின்ன முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். சின்ன முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார். வத்தல் அவரைப் பார்க்கவேயில்லை.

“எல்லாரும் இருக்காங்க. சொல்லுங்க.”

மாமா சுற்றிலும் பார்த்தார். அவருடைய அம்மாவின் கையைப் பிடித்த பெண்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

“பத்து,” என்றார்.

பெற்ற மகன் சொன்ன சொல். பாட்டி வாசலில் நின்றதும், மூடி போட வைத்ததும், ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடித்துப் பிடித்துச் சொன்னதும் அந்த ஒரு சொல்லில் இல்லையென்று ஆயிற்று. வத்தலுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்த மிஷினில் யாருக்கோ விரல் போனதாகத் தானும் கேள்விப்பட்டதாக நெட்டைதான் மெதுவாக இழுத்தாள். கடைக்காரர்களில் ஒருவர் மிஷினை நிமிர்ந்து பார்த்தார்.

சின்ன முதலாளி பெருந்தன்மையாகச் சிரித்தார். மேனேஜர் வாக்கை வேதவாக்காக நம்புகிற மனிதர் அவர். வீண்புரளிக்கெல்லாம் ஏன் பயப்படவேண்டும், மிஷினில் ஓர் ஆபத்தும் இல்லை, வேண்டுமானால் மேனேஜரே இப்போது ஓட்டிக் காட்டுவார், எல்லாரும் பாருங்கள் என்றார்.

மாமாவால் மாட்டேன் என்று சொல்லமுடியவில்லை. என்ன சொல்லி மறுப்பார்? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மிஷின் பக்கம் போனார். நெட்டை விலகி இடம் விட்டாள். யாரோ ஸ்விட்சைப் போட்டார்கள். உருளைகள் சுற்ற ஆரம்பித்தன. மாமா ஒரு மாவு உருண்டையை எடுத்து வைத்து விரல்நுனியால் தள்ளினார். பாதி மாவு போயிற்று. மீதி, எப்போதும் ஒட்டுகிறதுபோலவே, உருளையின் வாயில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அங்கேதான் உள்ளங்கையால் அழுத்தவேண்டும். மாமா கையைக் கொண்டுபோனார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி கொண்டுபோனார், மறுபடியும் நின்றது. நெற்றியில் வேர்த்து வழிந்தது. அவர் உருளையைப் பார்க்கவில்லை. மிஷினுக்கு அடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இப்போது கொஞ்சம் மாவுத்தூளைத் தவிர ஒன்றுமில்லை. எல்லாரும் பார்க்க, ஐம்பது வயதைத் தாண்டிய மனிதரின் கை அந்தரத்திலேயே நின்றது.

ஸ்விட்சை அவரே அணைத்தார்.

“மூடிய எடுத்துட்டு வந்து மாட்டுங்க,” என்றார்.

இரண்டு பெண்கள் மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். என்ன நடக்கிறது என்று சின்ன முதலாளி கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். மாமா கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி வத்தலின் பக்கம் வந்தார். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று சொல்லத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, உதட்டுக்குள் சொன்னார்.

“எட்டு.”

வத்தலுக்குக் கோபம் கொஞ்சமும் தணியவில்லை. படத்துக்குக் கீழே நிற்கிற நெட்டையை, முழுக் கையையும் நீட்டிக் காட்டினாள்.

“அவளுக்குக் கேக்கல மாமா. சத்தமாச் சொல்லுங்க.”